ஒரு நாள் வயதான கான்கிரீட்
1978 ஏப்ரல் 27. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ ஐலண்ட் என்கிற இடத்தில் அனல்மின் நிலையத்துக்குக் குளிரூட்டும் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாரம் தரையில் ஊன்றியது இல்லை, கோபுரம் உயர உயரக் கூடவே ஏறுவது, முந்தின நாள் போட்ட கான்கிரீட்டில் போல்ட் போட்டு மாட்டியது, கான்கிரீட் வாளியைத் தூக்குகிற கிரேனுக்கும் அதுதான் பிடிமானம். காலையில் மூன்றாவது வாளி ஏறும்போது கேபிள் தளர்ந்தது, கிரேன் உள்பக்கமாகச் சாய்ந்தது, அப்புறம் மேல் வளையம் முழுக்க, சுற்றிலும், பட்டை உரிவது போல உரிந்து விழுந்துவிட்டது. ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்திலிருந்து. சாரத்தில் நின்ற 51 பேரும் செத்துப்போனார்கள், அதில் ஒரே குடும்பத்து ஆட்கள் மட்டும் பல பேர்.

முந்தின இரவு நல்ல குளிர், கான்கிரீட் போதுமான அளவு இறுகவில்லை. விசாரணையில் தெரிந்தது இதுதான். நம் ஊரில் வீட்டுக்குத் தளம் போட்டால்கூட, அவசரப்பட்டு முட்டுக் கம்புகளைப் பிரிக்க எந்தக் கொத்தனாரும் விடமாட்டார். அங்கே அந்த ஒரு நாள் கான்கிரீட்டை நம்பி 51 பேரை மேலே ஏற்றியிருக்கிறார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

2016 நவம்பரில் சீனாவின் ஃபெங்செங்கிலும் குளிரூட்டும் கோபுரம்தான், இறுகாத கான்கிரீட்தான். 70 பேருக்கு மேல்.