பன்னிரண்டாவது ஃபிரேம்

1986-இல், பதினேழு வயதில், மதுரை மேல மாசி வீதிக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் டிரே கழுவுவதும் படம் மங்காமல் நிற்க வைக்கும் ஹைப்போ மருந்தைக் கரைப்பதும் பிரிண்டுக்கு ஓரம் வெட்டுவதும்தான் வேலை. அப்புறம் ஒரு நாள் முதலாளி யாஷிகாவை என் கழுத்தில் மாட்டிவிட்டார். மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த பெட்டிக் கேமரா. வயிற்றுக்கு நேராகப் பிடித்து, குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். உருவம் இடம் வலம் மாறித் தெரியும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் முன் தலைகுனிந்து நின்று அவரைப் படம் எடுப்பது எனக்கு அன்றே பிடித்துப்போனது.

அதில் போடும் '120' வகை ஃபிலிம் ரோல் ஒன்றில் பன்னிரண்டு படம். பாஸ்போர்ட் சைஸுக்கு வருபவருக்கு ஒரே ஒரு கிளிக். அவசரம் என்றால் ரோல் முடியாவிட்டாலும் இருட்டறைக்குக் கொண்டுபோய்விடுவோம். பத்துப் பேர் வந்த நாளில் இரண்டு ஃபிரேம் மிஞ்சும். "வீணாத்தான போகுது, எதையாச்சும் எடுத்துப் பழகுடா" என்றார் முதலாளி. எனக்கென்று நான் எடுத்த படங்கள் எல்லாம் அந்த மிச்சத்தில் தொடங்கியவை.

ஒரு சாயங்காலம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அப்பத்தா வந்தது. முதியோர் பென்ஷனுக்குப் போட்டோ வேண்டும். காதில் தண்டட்டி. "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க அப்பத்தா" என்றதும் உடம்பே கட்டையாகிவிட்டது. கிளிக் செய்து, பழக்க தோஷத்தில் ஃபிலிமைச் சுற்றினேன். "முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டு, தோளைத் தளர்த்தி, வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தது. தண்டட்டி இரண்டும் ஆடின. பன்னிரண்டாவது ஃபிரேமை அதற்குக் கொடுத்தேன்.

பிரிண்ட் காய்ந்துகொண்டிருந்தபோது முதலாளி அதன் முன் வெகுநேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என் மேசையில் பிரிண்ட் போடுகிற புரோமைடு பேப்பர், பெரிய சைஸில் இரண்டு தாள் இருந்தது. கிளிக்குக்கு முன்னால் இருப்பது ஆபீஸுக்குக் கொடுக்க வேண்டிய முகம். பின்னால் வருவதுதான் அந்த ஆளின் முகம் என்று அன்று பட்டது. இன்றுவரை அதன் பின்னால்தான் அலைகிறேன்.

இருட்டறை பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிலிமில் உருவத்தை வரவழைக்கும் டெவலப்பர் மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சித்திரை மாதத்தில் மதுரைக் குழாய்த் தண்ணீர் எங்கே 20 டிகிரியில் வரும்? ஐஸ் வாங்கி வந்து, டிரேயைச் சுற்றி வைத்துக் குளிர்த்துவோம். ஒரு முகூர்த்த நாளில், நேரமாகிவிட்டதென்று ஐஸ் இல்லாமலே கழுவினேன். சூட்டில் ஜெலட்டின் இளகி, ஃபிலிமின் ஓரத்தில் மருந்துப் பூச்சு தோல் மாதிரி உரிந்து வந்தது. தாலி கட்டும் படம் அதில் போய்விட்டது. பெண்ணின் அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்த உட்கார்வை நான் படம் எடுக்கவில்லை, ஆனால் நான் எடுத்த எந்தப் படத்தையும்விட அது தெளிவாக இருக்கிறது.

டிஜிட்டல் வந்த பிறகு ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் படம். மிச்சம் என்ற ஒன்றே இல்லை. வேலை சுலபமானது உண்மை, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சில வருடங்கள் எனக்காக ஒரு படம்கூட நான் எடுக்கவில்லை. அது தெரிந்த இரவு தூக்கம் வரவில்லை. அதிலிருந்து, கடையின் ஷட்டரை இறக்கிய பிறகு ஒரே ஒரு கிளிக் என்று வைத்துக்கொண்டேன். சரியாக வராவிட்டால் மறுநாள்தான்.

1858 தொடக்கத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மதுரையைப் படம் எடுத்திருக்கிறார். கோயில், தெப்பக்குளம், புதுமண்டபம், திருமலை நாயக்கர் மகால் எல்லாம் இருக்கின்றன. காகித நெகட்டிவ்; வெளிச்சம் பதிய நிமிடக்கணக்கில் ஆகும். நடமாடுகிறவர்கள் அதில் பதியவே மாட்டார்கள். தூண்களின் ஒவ்வொரு கீறலும் இருக்கிறது, மதுரைக்காரர்களைத்தான் காணோம். அந்தப் படங்களை முதலில் பார்த்தபோது மனசு என்னவோ போல் ஆனது. எத்தனை பேர் அந்த வழியாக நடந்துபோயிருப்பார்கள்!

போன மாதம் கடைக்கு விடுமுறை விட்டு மகாலுக்குப் போனேன். டிரைப் பார்த்தது 1866-72-இல் நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்தபோது பழுதுபார்ப்பதற்கு முந்தைய மகால். நான் பார்ப்பது அதற்குப் பிந்தையது. காலை வெயில் தூண்களுக்கு நடுவே சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அக்கா கேமராவைப் பார்த்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

"நீங்க எடுங்கண்ணே, நான் அங்கிட்டு ஒதுங்கிக்கிறேன்."

"வேணாம்க்கா, நீங்க பாட்டுக்குப் பெருக்குங்க" என்றேன்.