52 என்று தொடங்கிய தகடும் மாதக்கணக்கான அலைச்சலும்

120 டொலர். முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் இன்றைக்கும் தேநீர் ஊற்றும்போதுகூட அந்தத் தொகையைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். ஒன்ராறியோவில் கோடை வந்தால் வயல்வெளிகளில் பழைய வாகனச் சந்தைகள் நடக்குமே, அப்படி ஒன்றில், துருப்பிடித்த ஸ்பானர் குவியலுக்கு அடியில் ஒரு பழைய இராணுவ வாகன எண் தகடு கிடந்தது, அதற்குத்தான் அந்த 120 டொலர். 52, ஒரு கோடு, பிறகு ஐந்து இலக்கம். ஒரு மூலை நசுங்கியிருந்தது. "நோர்மண்டியில் இறங்கிய கனடிய ஜீப்பின் தகடு" என்றார் விற்ற பெரியவர். நானும் நம்பினேன். பேரம் பேசவும் மறந்துவிட்டேன்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கியது 1944இல். தகட்டில் இருப்பது 52, அதாவது 1952. இதைக் கவனிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் கடல் தாண்டிப் போன கனடிய இராணுவ வாகனங்களின் எண் வழக்கமாகப் பொனட்டின் இரண்டு பக்கமும் பெயின்டால் எழுதப்பட்டது. முதலில் கனடாவுக்கு ஒரு சி, அடுத்தது வாகன வகைக்கு ஓர் எழுத்து: காருக்கும் ஜீப்புக்கும் எம், சின்ன டிரக்குக்கு இசட், பெரிய லொறிக்கு எல், டாங்கிக்கு டி. அதற்குப் பிறகுதான் இலக்கங்கள், அவற்றில் ஆண்டு கிடையாது. போர்க்காலத்தில் கனடா 8 லட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வாகனங்களைச் செய்தது, ஆகவே "போர்க்காலப் பொருள்" என்று சொல்லி விற்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. என்னுடையதில் எழுத்தே இல்லை. அங்கேயே பணப்பையை மூடியிருக்க வேண்டும்.

ஆண்டோடு தொடங்கும் எண் போருக்குப் பிந்திய முறை. முதல் இரண்டு இலக்கம் வாகனம் இராணுவக் கணக்கில் ஏறிய ஆண்டைக் குறிக்கும், தகடு அடித்த ஆண்டை அல்ல. தகடு நசுங்கிப் புதிது அடித்தாலும் எண் மாறாது, ஆகவே தகடு புதிதாகத் தெரிகிறதே என்று ஆண்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சரி, 1952 என்றால் என்ன வாகனம்? இங்கேதான் தலைவலி. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது, கனடா கையில் கிடைத்ததையெல்லாம் வாங்கியது. ஃபோர்ட் வின்ட்சரில் எம்38 ஜீப் செய்தது, கிரைஸ்லர் முக்கால் டன் எம்37 செய்தது, ஜெனரல் மோட்டர்ஸ் ஒஷாவாவில் இரண்டரை டன் லொறி செய்தது, போதாக்குறைக்குப் பிரிட்டனிலிருந்து வந்த செஞ்சூரியன் டாங்கிகளிலும் 52 என்று தொடங்கும் எண்கள் உண்டு. தகட்டில் வகைக்கு எழுத்தில்லை. ஜீப்பா டாங்கியா என்று தகட்டைப் பார்த்து எப்படிச் சொல்வது?

கனடாவின் தகவல் அறியும் சட்டப்படி அரசுக்கு எழுதிக் கேட்டேன். ஐந்து டொலர் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. பதிலும் வந்தது: தேடுவதற்கு வசதியாக வாகனத்தின் வகையைக் குறிப்பிடவும். ஐயா, அதைத்தானே நான் கேட்கிறேன்! கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, நாலு மணி நேரம் கார் ஓடி ஒரு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். கருமபீடத்தில் இருந்த பெண் என் தகட்டைப் பார்க்கவே இல்லை. "பெட்டிகள் வேறு கட்டடத்தில் இருக்கின்றன, முன்கூட்டியே கேட்டிருந்தால் எடுத்து வைத்திருப்போம், இனித் திங்கட்கிழமைதான்." இணையத்தில் போட்டிருக்கிறார்களாம். போட்டுத்தான் இருந்தது, மூன்றாவது பக்கத்தில், நான் வாசிக்காத இடத்தில். வாசகர் அட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கோப்பி குடித்துவிட்டு, மறுபடி நாலு மணி நேரம். எந்தக் காப்பகத்துக்குப் போவதானாலும் கோப்பு எண்ணோடு முதலில் மின்னஞ்சல் போடுங்கள், பெட்டி வந்துவிட்டது என்று பதில் வரும்வரை காரைத் தொடாதீர்கள்.

இதற்கிடையில் இணையத்தில் இன்னொரு தகட்டுக்கு ஏலம் கேட்டு, கடைசி நிமிடத்தில் தப்பினேன். வண்டிகளைத் திருத்திப் பழைய கோலத்துக்குக் கொண்டுவருபவர்களுக்காகப் புதிதாக அடிக்கும் தகடுகள் அவை, அதில் தப்பில்லை, பழையது என்று விற்பதுதான் தப்பு. பின்பக்கப் படம் கேளுங்கள். உண்மையில் ஓடிய தகட்டில் போல்ட் துளையைச் சுற்றி வட்டமாகத் தேய்ந்திருக்கும், ஓரத்தில் பச்சைப் பெயின்ட் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஏலத்தில் விற்றவர் பின்பக்கத்தைக் காட்ட மாட்டேன் என்றார். விட்டுவிட்டேன். இன்னொன்று: 1968 பெப்ரவரி 1ஆம் தேதிதான் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் ஒன்றாக்கப்பட்டன, ஆகவே தகட்டில் மூன்றுக்கும் பொதுவான பெயர் இருந்தால் அது அதற்குப் பிந்தியது. ஐம்பதுகளின் தகடு என்று விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கடைசியில் விடை கிடைத்தது எந்த அலுவலகத்திலும் இல்லை. அடுத்த கோடையில் அதே சந்தையில் அதே பெரியவரைப் பிடித்து, கோபப்படாமல், இந்தத் தகடு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ஒரு பண்ணையில் பெட்டியோடு வாங்கினாராம். பெட்டியில் வேறென்ன இருந்தது? "ஏதோ கடதாசிகள்." என் நெஞ்சு ஒருமுறை நின்று அடித்தது. அவருடைய வான் வண்டியின் பின் இருக்கைக்கு அடியில், எண்ணெய்க் கறையோடு, நாலாக மடித்த ஒரு பற்றுச்சீட்டு. பழைய இராணுவ வாகனங்களை அரசு ஏலத்தில் விற்றபோது கொடுத்தது. என் எண் ஐந்து இலக்கமும் பிசகாமல் இருந்தது, அதற்கு நேரே: டிரக், முக்கால் டன். ஜீப்பும் இல்லை, டாங்கியும் இல்லை. கிரைஸ்லர் எம்37. பண்ணைக்காரர் அதை வைக்கோல் இழுக்க வாங்கியிருக்க வேண்டும்.

அந்தக் கடதாசிக்கு ஐந்து டொலர் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன், தகட்டைவிட அதுதான் எனக்கு இப்போது பெரிது. திரும்பும்போது கையைப் பிடித்து நிறுத்தி இன்னொரு தகட்டைக் காட்டினார். இதுவும் நோர்மண்டியில் இறங்கியதுதானாம்.

67 என்று தொடங்கியது.