காலி இடத்தில் காற்றாலை: புராஜெக்ட் எடுக்கும் புள்ளியியல் மாணவர்களுக்கு

எம்.எஸ்சி. புள்ளியியல் இறுதியாண்டில் நான் எடுத்த தலைப்பு இது: இன்னும் ஒரு காற்றாலைகூட நிற்காத இடத்தில், நட்டால் எவ்வளவு மின்சாரம் வரும் என்று கணிப்பது. அதன்பிறகு இதே தலைப்பை எடுக்கும் ஜூனியர்கள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, "அக்கா, அரிமா போடட்டுமா, எல்.எஸ்.டி.எம். போடட்டுமா?" என்பதுதான். இரண்டும் பழைய பதிவுகளை வைத்து அடுத்து வருவதைக் கணிக்கும் மாடல்கள். மாடலைத் தேடுவதற்கு முன் வேலை எது என்று பிரித்துக்கொள்ளச் சொல்வேன்.

ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலையின் நாளைய உற்பத்தியைச் சொல்வது ஒரு வேலை. நம் நாட்டில் 15 நிமிடத்துக்கு ஒரு பிளாக், நாளுக்கு 96 பிளாக் என்று, எவ்வளவு மின்சாரம் தருவோம் என ஷெட்யூல் கொடுக்க வேண்டும். அரிமாவும் எல்.எஸ்.டி.எம். போன்ற நியூரல் நெட்வொர்க்கும் அங்கே எடுபடும். காலி நிலத்தைப் பார்த்து அடுத்த 20, 25 ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்வது வேறு வேலை. அரிமாவை அங்கே நீட்டினால் கொஞ்ச நேரத்திலேயே கணிப்பு சராசரிக் கோட்டில் போய்ப் படுத்துவிடும். காலி இடத்துக்கு நமக்கு வேண்டியது காற்று வேகத்தின் பரவல். எந்த வேகம் ஆண்டில் எத்தனை மணி நேரம் வீசும் என்பது சரியாக வந்துவிட்டால் மின்சாரமும் சரியாக வரும்.

காரணம், காற்றில் இருக்கும் திறன் வேகத்தின் முப்படிக்கு நேர்விகிதம். ஒரு சின்னக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். ஓர் இடத்தில் ஆண்டு முழுக்க நொடிக்கு 6 மீட்டர் வேகம். இன்னோர் இடத்தில் பாதி ஆண்டு 3, பாதி ஆண்டு 9. இரண்டுக்கும் சராசரி 6. முதல் இடத்தில் முப்படி 216. இரண்டாவதில் 27-ம் 729-ம் சேர்த்துப் பாதியாக்கினால் 378. சராசரி ஒன்றுதான், ஆனால் திறன் 1.75 மடங்கு. நம் தென்மாவட்டங்கள் இரண்டாவது ரகம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியாகப் பாய்ந்து வரும். முப்பந்தலும் கயத்தாறும் உடுமலையும் அதை நம்பித்தான் காற்றாலை நட்டிருக்கின்றன. வடகிழக்குப் பருவம் வந்ததும் அதே இறக்கைகள் பல நாள் சும்மா நிற்கும். சராசரி வேகத்தை மட்டும் வைத்து இந்த ஊர்களைப் பேசினால் எதுவும் விளங்காது.

முப்படியும் எல்லை இல்லாமல் போவதில்லை. பொதுவாக 3 அல்லது 4 மீட்டரில் இறக்கை சுற்றத் தொடங்கும், 12 மீட்டர் வாக்கில் முழுத்திறனை எட்டும், அதற்குமேல் அதே அளவில் நிற்கும், 25-இல் பாதுகாப்புக்காக நின்றுவிடும். எந்த வேகத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்று காட்டும் இந்த வளைவுதான் பவர் கர்வ். அதனால் ஒவ்வொரு பதிவையும் பவர் கர்வில் போட்டு மின்சாரமாக மாற்றி, அதன்பிறகுதான் சராசரி எடுக்க வேண்டும். முதலில் வேகத்தைச் சராசரியாக்கிவிட்டுப் பவர் கர்வில் போட்டால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

டேட்டா விஷயத்துக்கு வருகிறேன். காற்றை அளக்க நடும் உயரமான கம்பம்தான் மாஸ்ட். மாஸ்ட் டேட்டா 10 நிமிடச் சராசரியாக வரும், ஓர் ஆண்டுக்கு 52,560 வரிகள். எனக்குக் கைடு மூலம் ஒரு நிறுவனத்திடமிருந்து கிடைத்தது. உங்களுக்குக் கிடைக்க வழியிருந்தால் முழு ஆண்டாகக் கேளுங்கள். பதினான்கு மாத டேட்டா இருந்தால், இரண்டு ஆடிக் காற்று உள்ளே வராதபடி பன்னிரண்டு மாதமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரே உயரத்தில் இரண்டு அனிமோமீட்டர் (காற்று வேகமானி) இருந்தால் இரண்டின் விகிதத்தைக் காற்றுத் திசையோடு சேர்த்து வரைந்து பாருங்கள். சில திசைகளில் விகிதம் சடாரென்று குழிவிழும். மாஸ்ட்டின் கம்பமே ஒரு அனிமோமீட்டரை மறைக்கும் இடம் அது. அந்தத் திசைகளுக்கு மற்றதன் பதிவை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓராண்டு டேட்டாவை வைத்து 20 ஆண்டு பேச முடியாது. அந்த ஆண்டு காற்று நல்ல ஆண்டா, மோசமான ஆண்டா என்று தெரிய நீண்டகாலத் தொடர் ஒன்று வேண்டும். ஐரோப்பிய வானிலை மையம் பழைய வானிலையை மாடலில் மறுபடி கணக்கிட்டுத் தரும் இஆர்ஏ5 தொடர் இலவசம், மணிக்கொரு பதிவு, 1940-இலிருந்து இருக்கிறது, 100 மீட்டர் உயரக் காற்றும் கிடைக்கும். அதன் கட்டம் ஏறக்குறைய 31 கிலோமீட்டர். கணவாயின் குறுக்கு அதில் தெரியாது என்பதால் கணவாய் வாசலில் வீசும் வேகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலும் கீழும் போகிற போக்குக்குத்தான் அது.

பலரும் கவனிக்காமல் விடுவது கடிகாரம். இஆர்ஏ5 கிரீன்விச் நேரத்தில் வரும், மாஸ்ட் இந்திய நேரத்தில். வித்தியாசம் ஐந்தரை மணி. அந்த அரை மணியில்தான் சிக்கல். இஆர்ஏ5-இன் 0 மணிப் பதிவு நமக்குக் காலை 5.30-க்கு உரியது. அதனால் மாஸ்ட் பதிவுகளை 5 முதல் 6 வரை என்று சேர்த்துச் சராசரி எடுத்து அதோடு பொருத்த வேண்டும். நேரத்தை அரை மணி அரை மணியாக நகர்த்தி ஒட்டுறவுக் கெழுவை வரைந்து பாருங்கள். உச்சி சரியான இடத்தில் வராவிட்டால், மாஸ்ட்டில் பதிவுசெய்யும் கருவியான லாகரின் நேரமே தப்பாக வைக்கப்பட்டிருக்கலாம். இந்த ஒரு படம் என் அறிக்கையில் இரண்டு பக்கம் விளக்கத்தை மிச்சப்படுத்தியது.

இனி இரண்டு தொடரையும் இணைப்பது. இதை எம்.சி.பி. என்பார்கள்: அள, ஒப்பிடு, கணி. நாம் புள்ளியியல் மாணவர்கள், கை தானாகவே நேர்கோட்டு ரிக்ரெஷனுக்குப் போகும். பிழையின் வர்க்கத்தைக் குறைப்பதில் நேர்கோடுகளில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் இந்த வேலைக்கு அது ஆகாது, ஏன் என்று நிதானமாகப் பாருங்கள். ரிக்ரெஷன் தரும் கணிப்பின் திட்ட விலக்கம், உண்மைத் திட்ட விலக்கத்தை ஒட்டுறவுக் கெழுவால் பெருக்கியது. கெழு 0.7 என்றால் பரவல் முப்பது சதவீதம் சுருங்கிவிடும். சராசரி 6, திட்ட விலக்கம் 3 என்று மேலே பார்த்த அதே இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டத்தை (ஸ்க்யூனெஸ்) விட்டுவிட்டால் முப்படியின் சராசரி 216-உடன் 3 × 6 × 9, அதாவது 378. திட்ட விலக்கம் 2.1 ஆகச் சுருங்கினால் அது சுமார் 295. ஏறக்குறைய 22 சதவீதத் திறன், சராசரியில் ஒரு புள்ளிகூட மாறாமல், காணாமல் போய்விடுகிறது. ஆர்-ஸ்கொயரைப் பார்த்தாலும் ஆர்.எம்.எஸ்.இ.யைப் பார்த்தாலும் இது தெரியாது.

இதற்கு மாற்று மிக எளிது. கோட்டின் சாய்வை இரண்டு திட்ட விலக்கங்களின் விகிதமாக வைத்து, சராசரியின் வழியே கோட்டைப் போட வேண்டும். மாறுபாட்டு விகித முறை என்று பெயர். மணிக்கு மணி பார்த்தால் இதன் பிழை ரிக்ரெஷனைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், ஆனால் பரவல் காப்பாற்றப்படும். நமக்குத் தேவை பரவல் என்பதை ஏற்றுக்கொண்டால் தேர்வும் சுலபம். இரண்டையும் செய்து, ஆண்டு மின்சாரம் எவ்வளவு வேறுபடுகிறது என்று ஓர் அட்டவணை போடுங்கள். உங்கள் புராஜெக்டின் உயிர் அந்த அட்டவணைதான்.

சரிபார்க்கும்போது டேட்டாவைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். 10.10 மணிப் பதிவு பயிற்சியிலும் 10.20 மணிப் பதிவு சோதனையிலும் இருந்தால் அது சோதனையே இல்லை. ஒரு முழு மாதத்தை வெளியே வைத்து, மற்றதில் கட்டி, அந்த மாதத்தின் மின்சாரத்தைக் கணித்துப் பாருங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் இப்படி. ஜூலையில் நன்றாக வரும், நவம்பரில் சொதப்பும்; அப்போது பருவத்துக்கு ஒரு கோடு என்று பிரிக்கத் தோன்றும். பிரிக்கலாம்.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாஸ்ட் 80 மீட்டர், காற்றாலை 120 மீட்டர் என்றால் உயரங்களின் விகிதத்துக்குப் பாடப்புத்தகம் போடும் ஏழில் ஒன்று என்ற அடுக்கு, வேகத்தை 6 சதவீதம் ஏற்றும். அடுக்கு 0.25 என்றால் 10 சதவீதத்துக்கு மேல். மாஸ்ட்டில் இரண்டு உயரம் இருந்தால் அடுக்கை அதிலிருந்தே கணக்கிடுங்கள், பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாக.

வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்), காற்று வேகத்துக்கு வழக்கமாகப் பொருத்தும் வெய்புல் பரவலைக் கட்டாயம் தொடுவார். "கை-வர்க்கச் சோதனை நிராகரிக்கிறதே, பிறகு எதற்கு வெய்புல் பொருத்தினாய்?" என்பது வழக்கமான கேள்வி. ஐம்பதாயிரம் பதிவுகளில் எந்த அழகான பரவலும் நிராகரிக்கப்படும். அதோடு அடுத்தடுத்த பதிவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை, சோதனையோ அவை சாராதவை என்று எடுத்துக்கொள்கிறது. பொருத்தத்தை நான் மின்சாரத்தில் அளந்தேன்: வெய்புல் தரும் ஆண்டு உற்பத்திக்கும் பதிவுகள் நேரடியாகத் தரும் உற்பத்திக்கும் எவ்வளவு இடைவெளி. ஆண்டு முழுவதற்கும் ஒரே வெய்புல் போட்டால் நம் ஊர்க் காற்றின் இரண்டு முகமும் அதில் அடங்காது, பருவத்துக்கு ஒன்றாக இரண்டைக் கலந்தால் அடங்கும் என்று படத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

அடுத்தது பி50, பி90. பி90 என்பது அந்த உற்பத்தியைத் தாண்ட 90 சதவீத வாய்ப்பு உண்டு என்ற அளவு; பி50 என்றால் 50 சதவீத வாய்ப்பு. கடன் கொடுக்கும் வங்கிக்குப் பி50-ஐவிட இந்த எண் முக்கியம். உதாரணமாக, உற்பத்தியில் அளவீட்டால் 8 சதவீதம், நீண்டகாலக் கணிப்பால் 8, உயரத்தால் 4 என்று நிச்சயமின்மை இருந்து, மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்றால், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 12 சதவீதம். இயல்நிலைப் பரவல் என்று கொண்டு 12-ஐ 1.28-ஆல் பெருக்கிக் கழித்தால் பி90, பி50-இல் 84.6 சதவீதம்.

என்னிடம் எக்ஸ்டர்னல் கடைசியாகக் கேட்டது இதிலிருந்துதான். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, உயரமான மாஸ்ட் நடுவாயா, இருக்கும் மாஸ்ட்டை இன்னும் சில ஆண்டு ஓட்டுவாயா? பலகையிலேயே போட்டுக் காட்டினேன். உயரத்தின் 4-ஐ அடியோடு நீக்கினாலும் 12 என்பது 11.3-க்குத்தான் இறங்கும், பி90 85.5 ஆகும். நீண்டகாலத்தின் 8-ஐ 4 ஆக்க முடிந்தால் 9.8-க்கு இறங்கும், பி90 87.4. அந்த எண்களுக்கு இருக்கும் மாஸ்ட்டை ஓட்டுவதே சரி.