பெரியப்பாவின் சிடிக்கள்

ஜூன் 7

பாளையங்கோட்டை வீட்டு அலமாரியில் இருந்த சிடி எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கியாச்சு. பாதிக்கு மேல் நாதஸ்வரம், அதிலும் காருகுறிச்சி அருணாசலத்துக்குத் தனி அடுக்கு. “எம்பி3-யா மாத்தி ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தந்துருல, சோலி முடிஞ்சிரும்லா” என்கிறார் பெரியப்பா. எனக்கு மனசு வரவில்லை. காதுக்கு எட்டாது என்று கணக்குப் போட்டு எம்பி3 எதையெல்லாம் கழிக்கிறதோ அது போனது போனதுதான். ஃப்ளாக் (FLAC) என்ற கோப்பு வகை அளவை மட்டும்தான் சுருக்கும், விரித்தால் சிடியில் இருந்த அதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலி அப்படியே வரும். ஒரு மணி நேரத்துக்கு 635 மெகாபைட் பிடிக்கிற சிடி பெரும்பாலும் 400-க்குள் அடங்கிவிடுகிறது. 24 பிட்டாக ஏற்றலாமே என்றான் தம்பி. சிடியில் இல்லாத நாதம் எங்கிருந்து வரும்?

ஜூன் 9

சிடியைக் கணினியில் ஏற்ற எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள்தான் என்று முடிவு. டேட்டா சிடியில் பிழை திருத்த இன்னொரு அடுக்கு உண்டு, பாட்டு சிடியில் அது கிடையாது, அதனால் கீறல் விழுந்த இடத்தை டிரைவ் தன் யூகத்தில் நிரப்பிவிட்டுப் பேசாமல் போய்விடும், நமக்குத் தெரியவும் தெரியாது. இந்த மென்பொருள் செக்யூர் மோடில் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கிறது. மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிட அக்யூரேட்ரிப் என்ற இணையத் தரவுத்தளம் இருக்கிறது, ஆனால் நம்மூர்ச் சின்ன கம்பெனி சிடி பலதும் அதில் இல்லை. அவற்றை இரண்டு தடவை படிக்கவிட்டு சிஆர்சி எண் (படித்த ஒலியிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு தோடி சிடியில் பெருவிரல் ரேகை அச்சாகப் பதிந்து அந்த இடத்திலேயே படிப்பது நின்றது. ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன் (வட்டமாகத் துடைக்கவே கூடாது), உடனே ஓடிவிட்டது.

ஜூன் 14

ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக். எம்பி3-யில் டிராக்கின் முன்னும் பின்னும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும், பிளேயர் அதை வெட்டத் தெரிந்ததாக இல்லாவிட்டால் சுருதி அறுந்தது போல இருக்கும். ஃப்ளாக்கில் இந்தத் தொல்லையே இல்லை.

கடையில் பாட்டைப் பதியச் சொல்லி வாங்கிய சிடிக்களைத் தனியாக ஒதுக்கினேன். சிலவற்றின் அலைவரிசைப் படம் (எந்த அதிர்வெண் வரை ஒலி இருக்கிறது என்று காட்டும் படம்) 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தரித்தது போல நிற்கிறது, எம்பி3-யிலிருந்து பதிந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஃப்ளாக் ஆக்கினாலும் போனது வராது, ஒரிஜினல் கிடைத்தால் மாற்ற வேண்டும்.

ஜூன் 22

டேக் வேலைதான், அதாவது கோப்புக்குள் பாட்டின் விவரங்களை எழுதுவதுதான், நாளைத் தின்கிறது. இணையத்திலிருந்து வரும் பட்டியலில் ஒரே ராகத்துக்கு மூன்று எழுத்துக்கூட்டல். ஃப்ளாக்கில் நாமே புதுப் புலம் சேர்க்கலாம்: புலத்தின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், உள்ளே தமிழிலேயே எழுதலாம். ராகம், தாளம், இயற்றியவர், தவில் யார் என்பது வரை சேர்த்தேன். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அட்டையில் இல்லாத தவில்காரர் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் சொல்கிறார். இதை எந்த மென்பொருளும் தராது, இப்போதே எழுதி வைத்தால்தான் உண்டு.

ஜூன் 23

பாட்டு கேட்கும் மென்பொருளான ஃபூபார்2000-இல் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் (விண்டோஸ் நடுவில் ஒலியை மாற்றாமல் நேராக அனுப்பும் முறை) வைத்தாச்சு. இல்லாவிட்டால் விண்டோஸ் 44.1 கிலோஹெர்ட்ஸை 48 ஆக்கி அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. காருக்கு மட்டும் ஃப்ளாக்கிலிருந்து எம்பி3 எடுத்துக்கொடுத்தேன். முழுத் தொகுப்பின் இன்னொரு நகல் தூத்துக்குடியில் அக்கா வீட்டுக்குப் போகிறது. அடுத்து வில்லுப்பாட்டு சிடிக்கள்.