கரிச்சுவர்: மண்டபத்து வீட்டு நாட்குறிப்பு

ஜூன் 8, ஞாயிறு

முதுகுளத்தூர் பக்கம் போயிருந்தபோது ஒரு கரிமூட்டத்திலிருந்து ஒரு கைப்பிடி கரி எடுத்து வந்தேன். சீமைக்கருவேலங்கரி. மூட்டையில் பார்த்தால் வெறும் கறுப்பு. ஒடித்து, உடைந்த முகத்தை வெயிலில் திருப்பினால் சாம்பலும் நீலமும் கலந்து மினுங்குகிறது. கூடத்தில் ஒரு சுவருக்கு இந்த நிறம்தான் வேண்டும்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கரியைப் போய் வீட்டுக்குள்ள பூசுவாகளா?" அப்பத்தாதான் என் பக்கம். "தேங்காச் சிரட்டையைக் கரிச்சு சாணியில கலந்து மெழுகுனா தரை கண்ணாடியா மின்னும். பள்ளிக்கூடத்துப் பலகைக்கும் கோவை எலையும் கரியும்தான அரைச்சுப் பூசுனோம்."

ஜூன் 10

கடல் பார்த்த தெற்குச் சுவருக்கு அடிப்பதாகத்தான் நினைத்திருந்தேன். ஜன்னலைச் சுற்றிக் கறுப்புத் துணியைக் கட்டிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் கண் கூசிவிட்டது. நடுவில் தகதகக்கும் கடல், சுற்றிலும் இருட்டு. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பதைத் திருப்பித் தரும்; கரி நிறம் பத்துகூடத் தராது. ஜன்னல் சுவர் வெளுப்பாகவே இருக்கட்டும். கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள உள்சுவரில் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. கறுப்பு அங்கே நன்றாக நிற்கும்.

ஜூன் 12

தெற்குச் சுவரை விட்டது நல்லதாகப் போயிற்று. முந்தாநாள் இரவு இரண்டு சுவரிலும் மார்பு உயரத்துக்கு ஒரு முழம் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். இன்று காலையில் தெற்குத் தாளின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். உள்சுவர்த் தாளில் ஒரு துளிகூட இல்லை.

கச்சான் காற்று மன்னார் வளைகுடாவிலிருந்து உப்பை அள்ளி வந்து அடிக்கிற சுவர் அது. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். நம் கரையில் இரவானால் அது சாதாரணம். காயும்போது உப்பு வெளியே வந்து பூக்கும். வெள்ளைச் சுவரில் அந்தப் பூப்பு கண்ணுக்குத் தெரியாது. கறுப்பில் தேமல் மாதிரி தெரியும்.

ஜூன் 17

கடையில் மூன்று சாயல் கலக்கி வாங்கி, இரண்டடி அட்டைகளில் அடித்து, காலை, உச்சி, விளக்கு வைக்கும் நேரம் என்று மூன்று வேளையும் சுவரில் சாத்திப் பார்த்தேன். நீலம் கலந்தது வெள்ளை டியூப்லைட்டில் நேவி ப்ளூவாகவே மாறிவிட்டது. லேசாகப் பழுப்பு கலந்ததுதான் என் கையிலிருந்த கரித்துண்டுக்குப் பக்கத்தில் வந்தது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இன்னும் இதமாக இருக்கிறது.

ஜூன் 23

பெயிண்டர் அண்ணன் வந்தார். "தம்பி, டார்க் கலருக்கு வெள்ளை பிரைமர் போட்டா நாலு கோட் அடிச்சாலும் அடியில வெள்ளை தெரியும்" என்று பிரைமரிலேயே சாம்பல் நிறம் கலக்கச் சொன்னார். பட்டி பார்த்த சுவரில் சாய்வாக டார்ச் அடித்து மேடு பள்ளத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, அத்தனையையும் தேய்த்தார். அரை நாள் அதற்கே போனது. அந்த அரை நாள்தான் இந்தச் சுவரின் அழகு.

ஜூன் 25

மூன்று கோட் முடிந்தது. மினுக்கமே இல்லாத முழு மேட் பெயிண்ட் வேண்டாம் என்று லேசான மினுமினுப்புள்ளதை எடுத்தோம். காரணம் அப்பத்தா. எண்ணெய் தேய்த்த தலையைச் சுவரில் சாய்த்துத்தான் உட்காரும். மேட் பெயிண்டில் அந்த எண்ணெய் வட்டம் போகவே போகாது. இதில் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறது.

மதிய வெயிலில் கடற்கரையிலிருந்து வந்து உள்ளே நுழைந்ததும் கண் அந்தச் சுவரில் போய் ஆறுகிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்.

ஜூலை 11

சுவரின் அடியில், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், சாக்பீஸால் கோடு கிழித்த மாதிரி ஒரு வெள்ளை. துடைத்தேன்.

ஜூலை 12

அதே இடத்தில் அதே கோடு. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புதான். பாலித்தீனை மார்பு உயரத்தில் ஒட்டினேனே தவிர, அடிச்சுவரில் ஒட்டிப் பார்க்கவில்லை. பின்பக்கம் குளியலறைக் குழாய் இருக்கிறது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். முள் மெல்ல நகர்கிறது. வெள்ளைச் சுவராக இருந்திருந்தால் இந்தக் கசிவு எத்தனை மாதம் போயிருக்குமோ.

பிளம்பர் திங்கட்கிழமை வருகிறார். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடலாம் என்றார். மீதிப் பெயிண்ட் டப்பாவை மூடி இறுக்கி, மூடிமேல் கலவை எண்ணை எழுதிப் பரணில் வைத்திருக்கிறேன்.