காலாங்கில் இறங்குகிறவன்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கச் செயலாளர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். விடுதிச் சாப்பாடு, மதில் பாய்ந்து படம் பார்க்கப் போன கதை எல்லாம் போன மலர்களிலேயே முடிந்துவிட்டன. ஆகவே பள்ளிக்கூட விடுதியில் எனக்கு வைத்த பட்டப்பெயரைப் பற்றி எழுதுகிறேன். பதகளிப்பான்.

சிங்கப்பூரில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் விளங்காது, எதற்கெடுத்தாலும் பதறுகிறவன் என்று அர்த்தம். பால் பொங்கினாலும் பதகளிப்பது, பஸ் பிந்தினாலும் பதகளிப்பது என்று ஊரில் வாய்க்கு வாய் வரும். ஆங்ஸைட்டி என்று டொக்டர்மார் சொல்வதற்கு ஊரில் உளவளத்துணை செய்கிறவர்கள் வைத்திருக்கிற சொல்லும் அதுதான் என்று எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. நோயின் பெயரையே பட்டப்பெயராகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்!

1990-இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போன பிறகு ஜாம் போத்தல் விளக்கில் படித்த கூட்டம் நாங்கள். சோதனை நாளில் விடியப்புறம் மூன்று மணிக்கே எழும்பி, பேனைகளை எண்ணி வைத்து, நாலைந்து தரம் கக்கூசுக்குப் போய் வருவேன். கை வியர்த்து மை ஊறும் என்று மணிக்கட்டுக்குக் கீழே லேஞ்சி ஒன்றை விரித்து எழுதுவேன். குண்டு போடுகிற பொம்பர் விமானம் வந்தால் எல்லோரும்தான் பங்கருக்குள் ஓடினோம். அது போன பிறகு மற்றவர்கள் வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து பந்தடிப்பார்கள், நான் உள்ளேயே மண்மூட்டையில் சாய்ந்தபடி இருப்பேன். அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை, நானும்தான். ஊரே பயந்துகொண்டிருந்தபோது என் பயம் தனியாகத் தெரியவில்லை.

சிங்கப்பூருக்கு வந்தது 1998-இல். இங்கே பொம்பர் இல்லை, இரவு இரண்டு மணிக்குத் தனியாக நடந்து வீட்டுக்குப் போகலாம். பயத்துக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது. ஆனால் பயம் போகவில்லை.

2006-இல் ஒரு காலை பிடோக்கில் ரயில் ஏறினேன். காலாங் வரைக்கும் ரயில் மேலே ஓடும், அதற்கப்புறம் லவெண்டருக்கு நிலத்துக்குக் கீழே இறங்கிவிடும். அந்த இருட்டுக்குள் நுழைந்ததும் நெஞ்சு இடித்தது, விரல் நுனியெல்லாம் விறைத்தது, இதோ சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். அவசர சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி எடுத்து, இரத்தமும் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது நல்ல செய்தியாகவே படவில்லை. இதயம் இல்லையென்றால் அப்போ மூளையா என்றுதான் ஓடியது.

அன்றிலிருந்து ஏழு வருடம் காலாங்கில் இறங்கி பஸ் எடுத்தேன். அலுவலகத்தில் கேட்டவர்களுக்கு, கொஞ்சம் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லி வைத்திருந்தேன். கூட்டங்களில் கதவோரக் கதிரை, கோயிலில் தூணோரம், கலியாண வீட்டில் கடைசி வரிசை. இதையெல்லாம் முதல் நாளே திட்டம் போடவேண்டும், அதற்கு ஒரு பொய், அந்தப் பொய்யை மறக்காமல் இருக்க இன்னொரு கவனம். உண்மையில் நோயைவிட அதை ஒளிக்கிற வேலைதான் என்னைக் களைக்க வைத்தது. 2009-இல் வேலை மாறியபோது விண்ணப்பத்தில் மனநோய் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று அடையாளம் போட்டேன், பேனை நடுங்கவில்லை, அதில் நன்றாகப் பழகிவிட்டிருந்தேன். அப்படிக் கேட்கக்கூடாது என்று, அரசாங்கமும் முதலாளிமாரும் தொழிற்சங்கமும் சேர்ந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் தெளிவாகச் சொன்னது 2020-இல்தான்.

அம்மாவுக்கு ஒருநாள் போனில் பாதி சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஆருக்கும் சொல்லிப்போடாதை தம்பி, தங்கச்சிக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லை" என்றா. அவவைக் குற்றம் சொல்லமாட்டேன். ஊரில் ஒருவன் கொஞ்சம் வித்தியாசமாக நடந்தால் அங்கொடைக்கு, அதாவது கொழும்புப் பக்கத்து மனநோய் ஆஸ்பத்திரிக்கு, அனுப்பு என்பார்கள். இங்கே என் அலுவலகத்தில் அதே பகிடி வுட்பிரிட்ஜ் என்ற பெயரில் ஓடியது. அந்த மருத்துவமனை 1993-இலேயே புவாங்கோக்குக்கு மாறி மனநலக் கழகம் ஆகிவிட்டது, பகிடி மட்டும் பழைய விலாசத்திலேயே இருந்தது.

கடைசியில் 2013-இல் மனைவிதான் பலதுறை மருந்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போனா. வீட்டுக்குக் கிட்ட இருந்ததற்கு அல்ல, தெரிந்த தமிழ் முகம் ஒன்றும் இராது என்று நான் தேடிப் பிடித்த தூரத்து இடத்துக்கு. தைராய்டு சோதித்தார்கள், சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினார்கள், பதற்றக் கோளாறு என்றார்கள். மாத்திரை வேலை செய்கிறது என்று தெரியவே சில வாரங்கள் பிடித்தன, முதல் பத்து நாள் வயிற்றைப் பிரட்டியதுதான் மிச்சம். மனநல ஆலோசகர் ஒரு சீனப் பெண், என்னைவிட வயதில் நல்லாய் இளையவர். வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோவதால்தான் விரல் விறைக்கிறது, சாவு வருவதால் அல்ல என்று படம் கீறிக் காட்டினார். பிறகு வீட்டுப்பாடம் தந்தார்: காலாங்கிலிருந்து லவெண்டர், ஒரே ஒரு நிறுத்தம், பயம் பத்துக்கு எத்தனை என்று எழுதிக்கொண்டு வா. முதல் நாள் ஒன்பது. பதினோராம் நாள் நாலு. பூகிஸ் வரை போக இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

அடுத்த வருடம் இந்தக் கோளாறின் செலவையும் மெடிசேவில், அதாவது சம்பளத்திலிருந்து மருத்துவத்துக்கென்று சேர்கிற சேமிப்பில், கட்டலாம் என்று நாட்பட்ட நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். சலரோகமும் (நீரிழிவு) பிரஷரும் இருக்கிற அதே பட்டியல். அதைப் பார்த்து எனக்கு வந்த நிம்மதியை யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. இப்போது 1771 என்று நடுச்சாமத்திலும் எடுக்கக்கூடிய தேசிய மனநல உதவி எண்கூட இருக்கிறது, 2025 ஜூனில் தொடங்கினார்கள்.

போன வருட ஒன்றுகூடலுக்கு வழக்கம்போல வேளைக்கே போனேன், கதவோரக் கதிரை பிடிக்க. அதில் ஏற்கனவே ஆள். எனக்குப் பட்டப்பெயர் வைத்த அதே மகான், தலை முழுக்க நரைத்துப் போயிருந்தான்.

"டேய் பதகளிப்பான், இப்பவும் உனக்குப் பதகளிப்போ?"

"ஓம் மச்சான். மருந்தும் எடுக்கிறன்."

சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தான் ஆறு வருடமாக லிஃப்டில் ஏறுவதில்லை என்றான். படியில் நடப்பது சலரோகத்துக்கு நல்லதாம் என்று பெண்சாதிக்குச் சொல்லி வைத்திருக்கிறானாம்.

"சலரோகம் இருக்கோ?"

"இல்லை."

"எத்தனையாம் மாடி?"

"ஒன்பது."

பிறகு சில ஞாயிறுகள் அவனுடைய புளோக்குக்குப் போய் வந்தேன். சேர்ந்து இரண்டாம் மாடி வரை லிஃப்டில் ஏறுகிறோம், இறங்கிக் கோப்பிக்கடையில் ஒரு தேத்தண்ணி. மூன்றாம் மாடிக்கு அவன் இன்னும் சம்மதிக்கவில்லை.