மூன்று மானிட்டருக்கு ஒரு பிசி: இதுவரை நடந்தது

வீடு திருவொற்றியூரில். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும். உள்ளே நான் யூரோ டிரக் சிமுலேட்டர் என்ற கணினி விளையாட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருப்பேன். "வெளிய போய் ஒரு வண்டிய ஓட்டுடா, சம்பளமாவது வரும்" என்று அம்மா சொல்லாத வாரமில்லை. ஒரே திரையில் பக்கக் கண்ணாடியைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கேமராவைத் திருப்ப வேண்டும். மூன்று மானிட்டர் ஆசை அங்கேதான் ஆரம்பித்தது.

கிராபிக்ஸ் கார்டைத்தான் முதலில் தேடினேன். அது தப்பு. இரண்டு வாரம் வீடியோ பார்த்துத் தீர்த்த பிறகுதான் டேப்பை எடுத்து அறையை அளந்தேன். 27 அங்குல மானிட்டர் ஏறக்குறைய 61 செ.மீ. அகலம், மூன்றை நேராக வைத்தால் ஆறடி. பீரோவுக்கும் சன்னலுக்கும் நடுவில் எனக்கு இருப்பது ஐந்தடி. பழைய ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியை மானிட்டர் அளவுக்கு மூன்று துண்டாக வெட்டி மேசையில் நிறுத்திப் பார்த்தேன். பக்கத்து இரண்டையும் 45 டிகிரி உள்ளே மடக்கினால் மயிரிழையில் அடங்குகிறது. சரி, 27தான். 32 அங்குலக் கனவு அன்றோடு போயிற்று.

அடுத்து பிக்சல் கணக்கு. 2560 x 1440 மானிட்டர் ஒன்றில் சுமார் 37 லட்சம் பிக்சல். மூன்று சேர்ந்தால் 1 கோடியே 10 லட்சம். ஒரு 4கே திரையிலேயே 83 லட்சம்தான். அதாவது 4கே-யை விட மூன்றில் ஒரு பங்கு அதிகம். "இந்த கார்டு 4கே-க்குப் போதும்" என்று யாராவது சொன்னால், நமக்கு அது போதாமல் போகலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்கார அண்ணன் கேட்டார்: "எதுக்குத் தம்பி மூணு? ஒரே 49 இன்ச் அல்ட்ராவைட் எடுத்துட்டுப் போயேன்." கொஞ்சம் சபலம் தட்டியது. ஆனால் அதன் 5120 x 1440 என்பது இரண்டு மானிட்டர் அளவுதான். தோளுக்குப் பக்கத்தில் கண்ணாடி தெரிவது அதில் வராது.

கார்டில் ஆர்டிஎக்ஸ் 5080-ஆ, 5070 டிஐ-யா என்று நிறைய நாள் இழுபறி. இரண்டிலும் மெமரி 16 ஜிபிதான். மின்சாரம் 5080-க்கு 360 வாட், 5070 டிஐ-க்கு 300 வாட். விலை வித்தியாசத்தில் ஒரு மானிட்டரே வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு 5070 டிஐ எடுத்தேன். 5090 பக்கம் போகவே இல்லை: 575 வாட்டை மே மாதம் இந்த அறையில் எரித்தால் நான்தான் வேக வேண்டும். பிராசஸர் ரைசன் 7 7800எக்ஸ்3டி, ரேம் 32 ஜிபி டிடிஆர்5, 850 வாட் பவர் சப்ளை. இவற்றில் பெரிய யோசனை எதுவும் இல்லை.

கேபினெட்டில்தான் மாட்டிக்கொண்டேன். 330 மி.மீ. நீளக் கார்டு வரை உட்காரும் என்று அட்டையில் போட்டிருந்தது. என் கார்டு 304. பிராசஸரைக் குளிர்விக்கும் ரேடியேட்டரையும் ஃபேனையும் முன்பக்கம் மாட்டியபோது அந்த நீளத்தில் ஐந்து செ.மீ.க்கு மேல் போய்விட்டது. கார்டு உள்ளே போகவே இல்லை. எல்லாவற்றையும் கழற்றி ரேடியேட்டரை மேலே ஏற்ற ஒரு ராத்திரி முழுக்கப் போனது. கழற்றும்போது பழைய கேபினெட்டின் திருகுகளையும் பார்த்தேன். உப்புக்காற்றில் தலை பழுத்துத் துரு கையோடு வந்தது. புதிதில் வலை ஃபில்டர் மூன்று பக்கமும் இருக்கிறது. லாரிப் புகைக்கரி அதில் பத்தே நாளில் படிந்துவிட்டது.

பழைய 600 விஏ யுபிஎஸ்ஸில் எல்லாவற்றையும் செருகி ஆட்டத்தைத் தொடங்கினேன். கார்டு சூடேறுவதற்குள் 'பீப்' என்று கத்திவிட்டு மொத்தமும் அணைந்தது. விஏ வேறு, வாட் வேறு. அதன் உண்மையான தாங்கு திறன் 360 வாட்தான். கார்டு மட்டுமே 300 கேட்கிறது. 900 வாட் தாங்கும் 1500 விஏ வாங்க வேண்டியதாயிற்று. பட்ஜெட்டில் இல்லாத செலவு.

மூன்று திரையும் எரிந்தன, மூன்றையும் ஒரே அகலத் திரையாக்கும் சரவுண்ட் மட்டும் அமையவில்லை. அரை மணி நேரம் டிரைவரைத் திட்டினேன். அப்புறம் டார்ச் அடித்துப் பின்னால் பார்த்தால், வலது மானிட்டரின் கேபிளை மதர்போர்டு போர்ட்டில் செருகியிருக்கிறேன். பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் அது தனியாக ஓடிக்கொண்டிருந்தது. கார்டுக்கு மாற்றினேன், ஒரு நிமிடத்தில் மூன்றும் ஒன்றாயின. மானிட்டர் விளிம்புகளின் இடைவெளியை ஈடுகட்டும் பெசல் கரெக்ஷனை வைத்தபோது, ஆட்டத்தில் பாலத்தின் கைப்பிடி இரண்டு மானிட்டருக்கு நடுவே ஒடியாமல் ஒரே கோடாகப் போனது.

இப்போது பாக்கி ஒன்றுதான். பெட்டியோடு வந்த கேபிள் எட்டாமல் இடது மானிட்டருக்கு மலிவான மூன்று மீட்டர் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டேன். 165 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 165 முறை படம் மாறும் வேகத்தில், திரை ஒரு நொடி கறுத்துவிட்டு வருகிறது, 120-இல் நிற்கிறது. சனிக்கிழமை தேரடியில் மெட்ரோ ஏறி இன்னொரு கேபிள் வாங்கி வர வேண்டும்.